பச்சிளம் குழந்தைக்கு ‘ரெஃபர்’ சீட்டு வந்தால்...

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன், பல மருத்துவமனைகளில் இப்போது குழந்தைக்குச் செவித்திறன் சோதனையும் செய்கிறார்கள். ஓ.ஏ.இ. என்பது அதன் பெயர். முடிவு ‘ரெஃபர்’ என்று வந்தால் சில பெற்றோர் அழுதுவிடுகிறார்கள். வேறு சிலர் சீட்டை ஃபைலில் செருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டாவதுதான் ஆபத்து.

இது வடிகட்டும் சோதனை

பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் காதில் மெல்லிய ரப்பர் முனையை வைத்து, சின்ன ஒலியை அனுப்புவார்கள். உட்காதிலுள்ள மயிர்ச்செல்கள் நன்றாக இருந்தால் பதிலுக்கு அவையும் நுண்ணிய ஒலியை எழுப்பும். முனையிலுள்ள மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். வலி இல்லை, சில நிமிட வேலை.

பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் மாவுப்பூச்சும் நீரும் தங்கியிருக்கும். குழந்தை சிணுங்கினாலும், வார்டில் இரைச்சல் இருந்தாலும் பதில் பதிவாகாது; முடிவு ‘ரெஃபர்’ என்று வந்துவிடும். அதனால்தான் மறுசோதனை. அதில் பல குழந்தைகள் தேறிவிடுகின்றன.

பெரா எப்போது?

மறுபடியும் ‘ரெஃபர்’ என்றால் பெரா என்ற அடுத்த சோதனையை எடுக்க வேண்டும். நெற்றியிலும் காதோரத்திலும் மின்முனைகளை ஒட்டி, எவ்வளவு சத்தம் வைத்தால் அது நரம்பு வழியே மூளைத்தண்டை எட்டுகிறது என்று அளப்பார்கள். முதல் சோதனை 1 மாதத்துக்குள், குறைபாட்டை உறுதிசெய்வது 3 மாதத்துக்குள், காதுக்கருவி போன்ற சிகிச்சை 6 மாதத்துக்குள். இதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கெடு.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெராவும் வேண்டும். செவி நரம்பின் கோளாறை அது காட்டாது.

‘கை தட்டினா திரும்புறானே!’

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இந்த ஆறுதலை நம்பாதீர்கள். கை அசைவும் காற்றும்கூடக் குழந்தையைத் திரும்ப வைக்கும். பகுதிக் கேட்புக் குறை உள்ள குழந்தைக்குத் தட்டு விழும் சத்தம் கேட்கும், ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லொலிகள் கேட்காது. ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காத்திருப்பதில் பேச்சு வளரும் முக்கியமான மாதங்கள் போய்விடும்.

ஃபைலில் அப்படி ஒரு சீட்டு இருந்தால், இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கோ, மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கோ குழந்தையைக் கொண்டுபோங்கள்.