துருவ வானில் மின்னும் பனி மேகம்... டெல்டா வயலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா, குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று தஞ்சாவூர் பக்கம் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் அதே நாள்களில், ஸ்வீடன், ஸ்காட்லாந்து போன்ற வட நாடுகளில் சிலர் இரவில் கேமராவோடு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வெள்ளியும் நீலமுமாக, அலை அலையாக மின்னும் ஒருவகை மேகத்துக்காக!

நம் மழை மேகங்கள் எவ்வளவு உயர்ந்தாலும் 20 கி.மீ. தாண்டாது. இந்த மேகங்கள் இருப்பதோ சுமார் 83 கி.மீ. உயரத்தில். தரையில் இருட்டிய பிறகும் அங்கே வெயில் படுகிறது. அதனால்தான் அந்த மினுமினுப்பு. கோடையில், அதுவும் துருவத்தை ஒட்டித்தான் இவை உருவாகும். காரணம் வேடிக்கையானது. கோடையில் அங்கே காற்று மேலெழுந்து விரிவதால், அந்த உயரத்தில் குளிர்காலத்தைவிடக் கோடையில்தான் குளிர் அதிகம். மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே! எரிந்துபோன விண்கற்களின் தூசியில் நீராவி உறைந்து பனித்துகள் ஆகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் துண்டு போட்டால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துகள்.

இதை ஆராய்வது லேசான காரியமில்லை. பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்ற முடியாது. ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். தரையிலிருந்து லேசர், ரேடார் மூலம் அளக்கிறார்கள். இந்த மேகங்களுக்காகவே 2007-ல் நாசா அனுப்பிய 'எய்ம்' செயற்கைக்கோள், 2023 வரை மேலிருந்து படம் எடுத்தது.

பாலைவனத்தைவிட வறண்ட அந்த உயரத்துக்கு நீராவி எப்படிப் போகிறது? இங்குதான் மீத்தேன் வருகிறது. கீழிருந்து ஏறும் நீராவியில் பெரும்பகுதி வழியிலேயே உறைந்து தங்கிவிடும். மீத்தேன் உறையாது. மேலே போய்ச் சிதைந்து, ஒரு மூலக்கூறு ஏறக்குறைய இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. இந்த மேகங்கள் முதன்முதலில் தெளிவாகப் பதிவானது 1885-ல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த உயரத்தில் நீராவி சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது என்று 2018-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். மேகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பளிச்சென்று ஆனதற்கு அதுவே காரணம் என்பது அவர்கள் முடிவு.

மீத்தேன் என்றாலே டெல்டாவுக்குக் கோபம் வரும். மண்ணுக்கடியிலிருந்து அதை எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் போராடிய ஊர் இது. ஆனால், தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் அது வந்துகொண்டுதான் இருக்கிறது. சேற்றில் காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் உண்டாக்க, நெல் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் உலக நெல் வயல்களின் பங்கு சுமார் 8 சதவீதம். நிலக்கரி, எண்ணெய், கால்நடை, குப்பைமேடு எல்லாம் சேர்ந்த கணக்கில் டெல்டாவின் பங்கு துளிதான். பழியை விவசாயி தலையில் போடுவது நியாயமில்லை.

தீர்வும் புதிதல்ல, நம்மூர் 'காய்ச்சலும் பாய்ச்சலும்'தான். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், தண்ணீரும் மிச்சம்.

ஆனால், முறைப்பாசனத்தில் அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடை விவசாயி, வந்த தண்ணீரைத் தேக்கத்தான் பார்ப்பார். அவரிடம் வயலைக் காயவிடச் சொல்வதற்கு முன், வாய்க்காலில் தண்ணீர் வரும் தேதியைச் சொல்லியாக வேண்டும்.