உங்களுக்குத் தெரியுமா? முதலையின் உறுமல்கூட வாயால் போட்டதுதான்!

‘ஹிடன் ஃபோக்ஸ்’ என்ற தேடிக் கண்டுபிடிக்கும் கணினி விளையாட்டில் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் மனித வாயிலிருந்து பிறந்தது! குரங்கின் கீச்சொலி, புதரை வெட்டும்போது எழும் சரசரப்பு, படாரென்று அடைபடும் கதவு... எல்லாமே மைக் முன்னால் வாயால் எழுப்பிப் பதிவு செய்தவை. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு விளையாடினால்தான் இதன் முழு அழகும் புரியும்.

• 2017-இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் நெதர்லாந்தின் ஆட்ரியான் டி யோங். ஓவியர் சில்வான் தெக்ரோக்.

• படங்கள் அத்தனையும் கையால் வரைந்தவை. ஒவ்வொரு மரத்தையும் மனிதரையும் தனித்தனியே வரைந்து, ஸ்கேன் செய்து, திரையில் அடுக்கியிருக்கிறார்கள். வெறும் கோட்டோவியம். நிறத்தை அடையாளமாக வைத்துத் தேடும் பழக்கம் இங்கே எடுபடாது. தொப்பி, நிற்கும் விதம், கையில் பிடித்திருக்கும் பொருள் என்று உற்றுப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

• பார்த்தால் மட்டும் போதாது, தொடவும் வேண்டும். கூடாரத் துணியைச் சுருட்டினால் உள்ளே ஒருவர் ஒளிந்திருப்பார்!

• நேரக் கெடு கிடையாது. 2005-இல் வந்து இவ்வகை விளையாட்டுகளைப் பிரபலமாக்கிய ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’லில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் இங்கே நிதானமாகத் தேடுவதில் கிடைக்கும் சுகமே தனி.

• இப்படித் தேடும் புதிர் கணினி விளையாட்டுகளுக்கு முன்பே காகிதத்தில் உண்டு: அமெரிக்கச் சிறுவர் இதழான ‘ஹைலைட்ஸ்’, 1946-இல் தன் முதல் இதழிலேயே ‘ஒளிந்திருக்கும் படங்கள்’ புதிரை அச்சிட்டது.