சிறு சரக்கு வண்டியின் ஸ்பார்க் பிளக்

டில்லி ஆஸாத்பூர் சந்தையிலிருந்து விடியற்காலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் பிக்கப் வண்டிகளுள் பல இன்று அழுத்திய இயற்கை வாயுவினால் ஓடுபவை. இவ்வகை வண்டிகளின் வரலாறு டீசலில் தொடங்கியதாகும். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா ஏஸ் வண்டி டீசல் எஞ்சினையே கொண்டிருந்தது. 2016-இல் விற்பனைக்கு வந்த மாருதி சுஸூக்கி சூப்பர் கேரியிலும் முதலில் டீசல் எஞ்சின் இருந்தது. 2020 ஏப்ரல் மாதத்தில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், சிறு வண்டிகளில் பெட்ரோலும் வாயுவும் பெரிதும் இடம்பெறலாயின. இம்மாறுதலால் ஒரு சங்கடம் நேர்ந்தது. டீசல் வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் பலர், ஸ்பார்க் பிளக் என்னும் உறுப்பைக் கவனித்தறியும் தேவையே இல்லாதிருந்தவர்கள்.

டீசல் எஞ்சினில் காற்று மிகவும் இறுக்கப்படுவதால் உண்டாகும் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைக்கப் போதுமானது. குளிரில் எஞ்சினைக் கிளப்புவதற்காகச் சில டீசல் வண்டிகளில் பொருத்தப்படும் ஹீட்டர் பிளக் வேறு இனத்தைச் சேர்ந்தது. அதில் பொறி எழுவதில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கும் வாயு எஞ்சினுக்குமோ, உரிய கணத்தில் ஒரு மின்பொறி வேண்டும். 1860-இல் லெனுவார் என்பவர் அமைத்த வாயு எஞ்சினிலேயே மின்பொறி பயன்பட்டது. எனினும் இன்று நாம் காணும் வகையிலான உயர் மின்னழுத்த முறை, 1902-இல் ஜெர்மனியின் போஷ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஹோனால்டு என்பவரின் முயற்சியால் நிலைபெற்றது.

ஸ்பார்க் பிளக்கின் நடுவே ஓர் உலோகத் தண்டு செல்கிறது. அதனைச் சுற்றி அலுமினாவால் ஆன வெண்பீங்கான் உறை உண்டு. அதற்கு வெளியே மரையுள்ள எஃகுக் கூடு; கூட்டின் அடியிலிருந்து வளைந்து வரும் சிறு உலோகக் கை, நடுத்தண்டின் முனைக்கு எதிரே நிற்கிறது. இரண்டிற்கும் இடையேயுள்ள இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதே. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டிற்கும் மேலாக உயர்த்துகிறது. அவ்வழுத்தமே இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது.

நிமிஷத்திற்கு 2,000 முறை சுழலும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி வீதம் ஒவ்வொரு பிளக்கிலும் நிமிஷத்திற்கு 1,000 பொறிகள் எழும். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 20,000 கிலோமீட்டர் செல்ல 500 மணி நேரம் ஆகும். இதற்குள் ஒரு பிளக் மூன்று கோடிப் பொறிகளைத் தந்துவிடுகிறது! ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குப் புலப்படாத அளவு உலோகத்தைக் கவர்ந்து செல்கின்றது. கூரிய விளிம்பிலிருந்து பொறி எளிதில் தாவும். விளிம்பு மழுங்கினால் அங்ஙனம் தாவுதல் அரிதாகும். இடைவெளியும் அகன்றுகொண்டே போகும். ஆகவே அதே பொறிக்கு முன்னினும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அதைத் தரும் சுமை காயிலின் தலையில் விழுகிறது. நாளடைவில் காயிலின் காப்புறை பழுதடைவதும் உண்டு.

இயற்கை வாயுவில் இத்துன்பம் விரைந்து வரும். மீத்தேன் கலந்த காற்றினூடே பொறி பாய்வதற்குப் பெட்ரோல் கலவையினும் அதிக மின்னழுத்தம் வேண்டும். பெட்ரோலில் சற்றே சமாளித்து ஓடும் தேய்ந்த பிளக், வாயுவிற்கு மாற்றியவுடன் தவறத் தொடங்குவது இதனாலேயே. மேம்பாலம் ஏறும்போது சுமையோடு வண்டி குலுங்குதல், காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பாமை, ஒரு கிலோ வாயுவிற்குக் கிடைக்கும் தூரம் குறைதல், முகப்புப் பலகையில் எஞ்சின் விளக்கு எரிதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வாயு சரியில்லை என்று நிரப்பு நிலையத்தாரைக் குறைகூறுவதன் முன், பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

பொறி தவறியபோது எரியாத எரிபொருள் வெளிப்போக்குக் குழாயில் சென்று, அங்கே புகையைத் தூய்மை செய்யும் காட்டலிட்டிக் கன்வெர்ட்டரினுள் எரிகிறது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட தேன்கூடு போன்ற அதன் பீங்கான், மிகையான உஷ்ணத்தில் உருகிப்போகலாம். சில நூறு ரூபாய்ப் பிளக்கைத் தள்ளிப்போட்டவர் பல ஆயிரம் ரூபாய்ச் செலவுக்கு ஆளாவது இவ்வாறுதான். சொந்த வண்டியின் வாடகையில் குடும்பம் நடத்துபவருக்கு அதுவே மாத வருமானமாகவும் இருத்தல் கூடும்.

பிளக்கை மாற்றும் வேலை கடினமானதன்று. ஆனால் அவசரத்தைப் பொறாதது. இன்றைய எஞ்சின்களின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கும்போது எஃகுப் பிளக்கை வலிந்து திருகினால் மென்மையான அலுமினிய மரை பெயர்ந்துவிடும். ஆதலின் எஞ்சின் நன்றாக ஆறியபிறகே தொடங்கவேண்டும். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, பிளக் அமர்ந்திருக்கும் குழியிலுள்ள புழுதியைக் காற்றடித்துப் போக்கவேண்டும். இன்றேல் மணல் சிலிண்டருக்குள் விழும். பிறகு காயில்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே ரப்பர் பிடிப்புள்ள பிளக் ஸாக்கெட்டினால் கழற்றி, எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருக்குரியது என்பது மாறாதபடி வரிசையாக வைக்கவேண்டும்.

பலர் இவ்விடத்தில் பழைய பிளக்குகளைக் குப்பையில் எறிந்துவிடுவர். அது தவறு. சிலிண்டருக்குள் நடப்பதற்குச் சான்று கூறுபவை அவையே. முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் ஒழுங்காக உள்ளது. வாயுவில் ஓடிய பிளக் சற்று வெளுத்திருத்தல் இயல்பு. உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகுதி, அல்லது எஞ்சின் சூடேறாத குறுகிய ஓட்டங்களே அதிகம் எனலாம். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடை எட்டினால்தான் கரி தானே எரிந்து நீங்கும். ஈரமான எண்ணெய்ப் படிவு, பிஸ்டன் வளையங்களோ வால்வுச் சீல்களோ தேய்ந்தமைக்கு அறிகுறி; புதிய பிளக்கால் அந்நோய் தீராது. பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகுந்த உஷ்ணம் தாக்கியுள்ளது. நான்கில் ஒன்று மட்டும் மாறுபட்டிருப்பின் அந்தச் சிலிண்டரை ஆராயவேண்டும்.

தேய்ந்த பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பொருத்தும் வழக்கம் பட்டறைகளில் இன்னும் மறையவில்லை. மழுங்கிய முனை தேய்ப்பதால் கூர்மை பெறாது. கம்பித் தூரிகையால் துடைத்தாலோ, பீங்கானில் ஒட்டும் உலோகத் தூள் மின்சாரம் கசிய வழிசெய்யும். பிளக்கை எஞ்சின்மேல் வைத்துப் பொறி பார்க்கும் பழைய சோதனையும் இன்றைய மின்னணுச் சாதனங்களுக்கு ஆகாது.

புதிய பிளக் வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்த எண்ணுடையதாகவே இருக்கவேண்டும். மரை பொருந்தியும் உஷ்ண அளவு பொருந்தாத பிளக்குகள் உள. சாதாரண நிக்கல் முனைப் பிளக்கை 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது வழக்கம். 2,446 டிகிரியில் உருகும் இரிடியம் முனையுடையது அதனினும் நெடுநாள் உழைக்கும். இடைவெளியைக் கனமானித் தகட்டால் அளந்து பார்க்கலாம். இரிடியத்தின் மெல்லிய முனையை மட்டும் கருவியால் நெம்பலாகாது, அது முறிந்துவிடும்.

முதலில் கையாலேயே பல சுற்றுத் திருகவேண்டும். தடை தோன்றினால் பின்னுக்குத் திருப்பி மீண்டும் தொடங்குக. வாஷர் தொட்டபின், புதிய பிளக்காயின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும். முறுக்குமானி இருந்தால் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன்-மீட்டர் என்பது பொதுவான அளவு. கைப்புத்தகம் வேறு கூறின் அதுவே ஏற்கத்தக்கது. மரையில் கிரீஸ் தடவுதல் வேண்டுவதில்லை. வழுக்கலால் அளவுக்குமேல் முறுக்கப்பட்டு மரை இழுபடும். காயில்களை அமர்த்தி, பாட்டரியை இணைத்தபின் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பிப் பார்ப்பது மட்டும் போதாது. வாயுவிற்கு மாற்றி, வழக்கமான சுமையோடு ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கவேண்டும். மாற்றிய நாளின் கிலோமீட்டர்க் கணக்கையும் குறித்து வைக்கவேண்டும்.