புள்ளிப் பந்தயப் பயிற்சி (தட மிதிவண்டி)

புள்ளிப் பந்தயம் என்பது வெலோடிரோம் எனப்படும் சாய்வான நீள்வட்டத் தடத்தில் நடைபெறும் நெடுந்தொலைவு மிதிவண்டிப் போட்டிகளுள் ஒன்றாகும். ஒலிம்பிக்கில் 1984 முதல் 2008 வரை ஆண்களுக்கும், 1996 முதல் 2008 வரை பெண்களுக்கும் இது தனிப் போட்டியாக நடத்தப்பட்டது. 2012 முதல் ஆம்னியம் என்னும் கூட்டுப் போட்டியின் ஒரு பகுதியாக இடம்பெற்று வருகிறது. இறுதிப் பாய்ச்சலில் வலுக் குறைந்த வீரரும் இப்பந்தயத்தில் வெல்ல இயலும். அதற்கான பயிற்சி முறை இங்கு விளக்கப்படுகிறது.

விதியும் கணக்கும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான புள்ளிப் பந்தயம் 250 மீட்டர் தடத்தில் 100 சுற்றுகள் கொண்டதாக இருந்தது. 10 சுற்றுகளுக்கு ஒருமுறை கோட்டை முதலில் கடந்த நால்வருக்கு முறையே 5, 3, 2, 1 புள்ளிகள் வழங்கப்பட்டன; கடைசிப் பாய்ச்சலில் இவை இரட்டிப்பாகும். கூட்டத்தை விட்டு முன்னேறி, ஒரு முழுச் சுற்று முந்தி அதன் பின்முனையை அடைபவருக்கு 20 புள்ளிகள் கிடைத்தன. இது நான்கு பாய்ச்சல்களில் முதலிடம் பெறுவதற்குச் சமமாகும்.

கூட்டம் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும் தனித்துச் செல்பவர் 55 கி.மீ. வேகத்திலும் ஓட்டினால், 250 மீட்டர் இடைவெளியை ஈட்ட 3 நிமிடங்கள் ஆகும். அதற்குள் அவர் 11 சுற்றுகள் ஓட்டியிருப்பார். எனவே இவருக்குத் தேவையானது 10 நொடி வேகமன்று. 3 நிமிடங்கள் தளராத வேகமே.

உடலியல் அடிப்படை

பாய்ச்சலுக்கு விரைவாகச் சுருங்கும் தசைநார்கள் தேவை. இவற்றின் விகிதம் பெருமளவு பிறப்பிலேயே அமைவது. மாறாக, மூன்று நிமிட முயற்சிக்கான ஆற்றலின் பெரும்பகுதி ஆக்சிசனைப் பயன்படுத்தியே பெறப்படுகிறது. இத்திறனைப் பயிற்சியால் நன்கு வளர்க்கலாம்.

பயிற்சி முறைகள்

அடித்தளம்: சாலையில் சில மணிநேரம் மிதமான வேகத்தில் ஓட்டுதல்.

இடைவெளிப் பயிற்சி: 3 முதல் 5 நிமிடக் கடும் முயற்சிகளை, அதே அளவு ஓய்வுடன் 4 அல்லது 5 முறை செய்தல்.

மீள்திறன்: 30 நொடி விரைவு, 30 நொடி மெதுவு என மாறி மாறி ஓட்டுதல். கூட்டத்தில் வேகம் அடிக்கடி மாறுவதால் இது இன்றியமையாதது.

மிதிவேகம்: தட மிதிவண்டியில் ஒரே பற்சக்கர விகிதம் மட்டுமே உண்டு, மிதிக்காமல் உருளவும் இயலாது. ஆகவே நிமிடத்துக்கு 120 முறைக்கு மேல் மிதிக்கப் பழக வேண்டும்.

பாய்ச்சல் பயிற்சியையும் கைவிடலாகாது. மூன்றாம், நான்காம் இடங்களுக்குரிய சிறு புள்ளிகளே சில வேளைகளில் பதக்கத்தை முடிவு செய்கின்றன. கடும் பயிற்சி நாட்களுக்கு இடையே ஓய்வும் தேவை.

உத்தி

ஒரு பாய்ச்சல் முடிந்த உடனேயே தாக்குவது சிறந்தது. அப்போது விரைவு வீரர்கள் களைத்திருப்பர். தனியே செல்வதைவிட ஓரிருவருடன் சேர்ந்து, முன்னிலையை மாற்றிக்கொண்டு ஓட்டினால் காற்றுத்தடையின் சுமை பகிரப்படும்.

உருசியாவின் மிகைல் இக்னாத்தியெவ் 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் புள்ளிப் பந்தயத் தங்கத்தை வென்றார். மேடிசன் போட்டியில், 2008ல் வெண்கலம் வென்ற உருசிய அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.