செம்பியைக் காணோம்! - ஒரு கொல்லைப்பக்க ரவுண்டு

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு முகம். வாசலில் கோலம், திண்ணை, "வாங்க வாங்க, காபி சாப்பிடுறீங்களா?" எல்லாம் விருந்தாளிக்கு. கூடம், அடுப்படி தாண்டிக் கொல்லைக்கதவைத் திறந்தால்தான் நிஜமான கச்சேரி. அங்கே வெளியாளுக்கு அனுமதி கிடையாது. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் இருக்கும் என் அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு நாள் முழுக்க உள்ளே புகுந்துவிட்டேன். சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். பின்னாலேயே வாங்க. சத்தம் மட்டும் வேண்டாம்.

காலை 4.30: பெரியவர் முதலில்

இருட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. இந்தக் கொல்லையில் இரண்டு சேவல். பெரியதற்கு ஜமீன் என்று பெயர். இன்னொன்று சின்னவர். ஜமீன் கழுத்தை நீட்டி ஒருமுறை கூவி முடிக்கும்வரை சின்னவர் வாயைத் திறக்கவே இல்லை. முடித்த மறுநொடி, தொண்டை கட்டின பாகவதர் மாதிரி ஒரு இழுப்பு!

எனக்குத் தெரிந்ததை அவிழ்த்துவிட்டேன். ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிச்சம் மாறாத மங்கல் அறையில் அடைத்தாலும், சேவல் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக் கூவுகிறது என்று 2013இல் சொன்னார்கள். கூட்டத்தில் அதிகார வரிசையில் முதலிடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்று 2015இல் சொன்னார்கள்.

அத்தை பல்பொடியைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "பெரியவரு இருக்கையில சின்னவரு பேசலாமா? இதைக் கண்டுபிடிக்க ஜப்பான்காரன் வரணுமா தம்பி?"

காலை 6: கதவு திறக்கிறது, மானம் பறக்கிறது

செங்கல் வைத்துக் கட்டிய கூடு. பலகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருப்பது, மிக்சி வந்தபின் வேலை இழந்த அம்மிக்குழவி. முன்பெல்லாம் கோழிகள் மாமரத்தில்தான் அடையும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் மரத்தைச் சாய்த்துவிட்டது. அன்று ராத்திரி அடுப்படிக்குள் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்திருந்ததால் கோழிகள் பிழைத்தன. கூடு அதற்கப்புறம் வந்தது.

குழவியை நகர்த்தியதும் கருப்பிதான் முதலில் இறங்கினாள். முந்தப் பார்த்த விடைக்கோழிக்கு மண்டையில் ஒரு கொத்து. யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு பட்டியல் உண்டு. நார்வேக்காரர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே அதை 1921இல் எழுதிவைத்தார். நம் ஊர்ச் சம்பந்தி விருந்துப் பந்தியைப் பார்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் எழுதியிருப்பார்.

அடுத்து நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அத்தை ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து, வால்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். "இவளுக்கு இன்னிக்கு இருக்கு. இவளுக்கு இல்ல. இவளுக்கு இருக்கு." முட்டை இருப்பவள் பஞ்சாரத்துக்குள், இல்லாதவள் ஊர் சுற்றப் போகலாம். பஞ்சாரம் போடாவிட்டால் அடுத்த வீட்டு விறகுக்கட்டில் போய் இட்டுவிடுவாளாம். முட்டை போனால்கூடப் பரவாயில்லை. "எங்க வீட்டுக் கோழிதான் இட்டது" என்று வரும் சண்டையை யார் தீர்ப்பது?

எண்ணி முடித்தபோது ஒன்று குறைந்தது. செம்பி. மூன்று வாரமாக ராத்திரி கூடு அடையவில்லை. "கீரிப்புள்ள கொண்டுபோயிருக்கும்" என்றார் மாமா, மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனபடி. அத்தை செம்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மேலண்டைப் பக்கம் புடுங்காதீங்க, போர் சாயும். கீழண்டை புடுங்குங்க" என்று மட்டும் கத்தினார்.

காலை 8: டிபன் டைம்!

"பா... பா... பா..." என்று அத்தை குரல் கொடுத்ததும் எட்டுத் திசையிலிருந்தும் ஓட்டம். நடக்கும் கோழியைக் கவனித்திருக்கிறீர்களா? நம்மூர்த் தலையாட்டி பொம்மைக்கு நேர் எதிர். பொம்மைக்கு உடம்பு நிற்கும், தலை ஆடும். கோழியோ தலையை முன்னால் நீட்டி அந்தரத்தில் நிறுத்திவைத்துவிட்டு, உடம்பை அப்புறம் இழுத்துக்கொள்கிறது!

முறத்தில் இருந்தது கருக்காய். நெல் தூற்றும்போது தனியே ஒதுங்கும் அரைகுறை மணி. அதோடு நொய், கொஞ்சம் தவிடு. டெல்டாக் கோழிக்கு நெல்வயல்தான் படியளக்கிறது. இது இன்று நேற்றுச் சங்கதி இல்லை. காட்டுக்கோழி மனிதனிடம் எப்படி வந்தது என்பதைப் பற்றி 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளுக்கு வயது மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள். மானாவாரி நெல் விளைந்த இடத்தில் சிந்திய மணியைப் பொறுக்கத்தான் மரத்தை விட்டு இறங்கிவந்திருக்கும் என்கிறார்கள். அதாவது, நாம் போய்ப் பிடித்து வரவில்லை. நெல் இருக்கிறதே என்று அதுவாக வந்து நம் கொல்லையில் குடியேறியிருக்கிறது. நாம் கோழி வளர்க்கிறோம் என்பதெல்லாம் நம் நினைப்பு!

குஞ்சுகளுக்குத் தனி மெனு. முந்தின நாள் சாயங்காலம் ஓட்டைப் பானைக்குள் வைக்கோல், காய்ந்த சாணி, கிழிந்த கோணி எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, புற்று ஓரமாகக் கவிழ்த்துவைத்தார் அத்தை. இப்போது நிமிர்த்தினால் பானை முழுக்க நெளிகிறது கறையான்! தட்டிவிட்ட கணத்தில் இருபது அலகுகள் தந்தி அடித்தன.

காலை 10: அடைக்கோழியின் அறை

கதவிடுக்கில் எட்டிப் பார்க்கத்தான் அனுமதி. அகலக் கூடையில் மணல், மேலே வைக்கோல், அதன்மேல் பதினோரு முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். ஓரத்தில் ஓர் இரும்பு ஆணி, கரித்துண்டு, மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடும், அதற்குக் காவல். "நெசமா வேலை செய்யுதா அத்தை?" "ஆணிய எடுத்துட்டு யாரு சோதிச்சுப் பாக்கறது?"

நம்பிக்கை ஒரு பக்கம், டார்ச் ஒரு பக்கம். ஏழாம் நாள் ஆகியிருந்தது. ஒரு முட்டையை உள்ளங்கையில் பொத்தி, அடியில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஐயோ, அதைப் பார்க்கணுமே! செக்கச்செவேல் என்று ஒரு சிலந்திவலை, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது! இன்னும் பதினான்கு நாளில் அது ஓட்டைத் தட்டி வெளியே வரும். வந்தாலும் ஓரிரு நாள் பசிக்காது. பொரிக்கும் முன்பே மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். கட்டுச்சோற்றோடு வருகிற குழந்தை.

இந்தச் சந்தோஷத்துக்கெல்லாம் ஒரே எமன், வெள்ளைக்கழிச்சல். வந்தால் இரண்டே நாளில் கொல்லை காலி. உத்தராகண்டின் ராணிகேத் என்ற மலையூர்ப் பெயரால் அதை ராணிகேத் நோய் என்பார்கள். பிப்ரவரியில் அரசு கால்நடைத் துறை ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் போடுகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கொல்லைக் கோழிகளுக்காகவே குருணை வடிவில் ஒரு தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தது. ஊசி வேண்டாம், துரத்திப் பிடிக்க வேண்டாம். தீனி என்று நினைத்துக் கோழியே பொறுக்கிக்கொள்ளும். அரிசியைக் காட்டினால் வருவாள் என்று பல்கலைக்கழகத்துக்கும் தெரிந்திருக்கிறது.

நண்பகல்: குளக்கரையில் ஒரு தாயின் அலறல்

வாத்துக்கு அடை காக்கும் பொறுமை குறைவு என்பதால், ஐந்து வாத்து முட்டைகளைப் புள்ளிக்கோழியிடம் தள்ளிவிட்டிருந்தார் அத்தை. இருபத்தோரு நாளில் எழவேண்டியவள், இருபத்தெட்டு நாள் பட்டினியும் பாதியுமாக உட்கார்ந்து பொரித்திருக்கிறாள். இன்றுதான் பிள்ளைகளை முதன்முதலாகக் குளத்துப் பக்கம் கூட்டிவந்தாள்.

தண்ணீரைப் பார்த்ததுதான் தாமதம், ஐந்தும் சளக் சளக் என்று உள்ளே. புள்ளி போட்ட கூப்பாட்டில் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கரையோரமாக இங்கும் அங்கும் ஓடினாள், ஒரு காலை நனைத்தாள், எடுத்தாள், மறுபடி கத்தினாள். பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளிநாட்டுக்குப் புள்ளைய அனுப்பிட்டு நிக்கிறவ மாதிரி நிக்கிறா பாரு" என்றார் அத்தை, சிரித்துக்கொண்டே. கண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

மாலை 6: எண்ணிக்கை

பொழுது சாயச் சாய ஒவ்வொருத்தியாகக் கூடு அடைந்தாள். அத்தை எண்ணினார். பலகையைச் சாத்திக் குழவியை உருட்டினார். அப்போதுதான் கேட்டது. கீச், கீச்.

வைக்கோல்போரின் மேலண்டைப் பக்கம். தொங்கிய வைக்கோலை அத்தை விலக்கினார். உள்ளே ஒரு குகை. குகைக்குள் இறகைப் பலாப்பழம்போல் விரித்து உட்கார்ந்திருந்தாள் செம்பி. சிறகிடுக்கில் ஒரு மஞ்சள் தலை. இன்னொன்று. எட்டு வரை எண்ணினேன், அதற்குள் செம்பி என் விரலைப் பதம் பார்த்துவிட்டாள்.

குகை வாசலில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் தண்ணீர், அன்றைக்கு ஊற்றியது. பக்கத்தில் கொஞ்சம் நொய்.

நான் அத்தையைப் பார்த்தேன்.

"அவளாத் தேடிக்கிட்ட எடம் தம்பி. எடுத்துக் கூடையில வெச்சா கோவிச்சுக்கிட்டு அடைய விட்டு எந்திரிச்சுருவா. உங்க மாமாகிட்ட சொன்னா, நல்லாருக்காளான்னு நித்தம் வைக்கோலக் கலைச்சுப் பாப்பாரு."

"என்ன அங்க சத்தம்?" கூடத்திலிருந்து மாமா.

"ஒண்ணுமில்ல, நீங்க சீரியலப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, என்னை உள்ளே தள்ளிக் கொல்லைக்கதவைச் சாத்தினார் அத்தை.