வரைபடத்தை நம்பிய மாஸ்கோ

உக்ரைன் தேர்தல் என்றால் பத்திரிகைகளில் ஒரு வரைபடம் வரும். மேற்கே ஒரு நிறம், கிழக்கே வேறு நிறம். 2004 டிசம்பர் அதிபர் மறுதேர்தலில் கிழக்கே டோனெட்ஸ்க் மாகாணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் வேட்பாளர் யானுகோவிச்சுக்கு. மேற்கே இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க்கில் அதே அளவு எதிர்த்து நின்ற யுஷ்செங்கோவுக்கு. 'இது இரண்டு நாடு' என்று அப்போது எழுதாதவர் குறைவு. அந்த வரைபடத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு.

1991 டிசம்பர் 1 அன்று சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டபோது, அதே டோனெட்ஸ்க் ஏறக்குறைய 84 சதவீதம் 'ஆம்' என்றது. யானுகோவிச் அந்த மண்ணின் ஆள், முன்னாள் ஆளுநர். நிலக்கரியும் எஃகும் சோறு போடும் ஊர்களில், சுரங்க வேலை நிலைக்கட்டும், ரஷ்ய மொழியில் பேசுவதை யாரும் தடுக்க வேண்டாம் என்று நினைத்தவர்கள் அவருக்குக் குத்தினார்கள். கீவ் அரசோடு சண்டை போடத்தான் அந்த ஓட்டு. கீவை விட்டுப் போக இல்லை.

கிரிமியாவை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ரஷ்யர்கள் பெரும்பான்மையான அங்கே 1991-இல் 'ஆம்' 54 சதவீதம்தான். 1994-இல் ரஷ்யாவோடு நெருங்க விரும்பிய மெஷ்கோவைக் கிரிமியாவின் அதிபராக்கினார்கள். மறு ஆண்டே கீவ் அந்தப் பதவியை ஒழித்தது. அங்கே பிணக்கு உண்மையானது.

2019 அதிபர் தேர்தலில் நிறம் கலைந்தது. ரஷ்ய மொழி பேசும் வீட்டில் வளர்ந்த ஜெலன்ஸ்கி 73 சதவீதம் வாங்கினார். மாகாணங்களில் அவர் தோற்றது லிவிவ் ஒன்றில்தான்.

அவருடைய ஊரான கிரிவி ரிஹ்தான் என் முக்கியச் சாட்சி. அங்கே செல்வாக்குள்ள ஒலெக்சாண்டர் வில்குல், யானுகோவிச் ஆட்சியில் துணைப் பிரதமராக இருந்தவர். மாஸ்கோவுக்கு வேண்டியவர் என்றே பலரும் எண்ணினர். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை வந்தபோது, சுரங்க லாரிகளையும் கனரக வண்டிகளையும் நிறுத்தி விமான ஓடுபாதையை மறித்தவர்களின் முன்னணியில் அவர் இருந்தார். ரஷ்யப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்ததாகவும் மறுத்துவிட்டதாகவும் வெளிப்படையாகச் சொன்னார்.

மாஸ்கோ மட்டும் வரைபடத்தை விடவில்லை. பிடித்த பகுதிகளில் 2023 செப்டம்பரில் 'பிராந்தியத் தேர்தல்' நடத்தியது. ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சி வென்றதாக அறிவித்தது. கெர்சோன் மாகாண அவைக்கும் உறுப்பினர்கள் 'தேர்வானார்கள்'. கெர்சோன் நகரமோ முந்தைய நவம்பரிலேயே உக்ரைன் கைக்குத் திரும்பியிருந்தது.