முக்கால் சுற்று போதும்

காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு புத்தகம் கிடக்கும். வண்டி வாங்கிய அன்று இன்ஷூரன்ஸ் தாளோடு சேர்த்து உள்ளே வைத்தது, பெரும்பாலும் வண்டியை விற்கும் அன்றுதான் வெளியே வரும். சுஸுகி கார்களோடு வரும் கையேடுகள் பலவற்றில் இன்ஜின் ஆயில் மாற்றும் முறையைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். எந்த நட்டைக் கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது, எத்தனை லிட்டர் ஊற்றுவது என எல்லாமே அதில் உண்டு. மெக்கானிக்குக்கு அந்தப் புத்தகம் தேவையில்லை. அது வண்டிக்காரருக்காக எழுதப்பட்டது.

ஆனாலும் தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் குறைவு. தெருமுனையிலேயே ஷெட் இருக்கிறது, கூலியும் பெரிதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் காருக்கு அடியில் படுத்தால் சங்கச் செயலாளர் வந்து நிற்பார். அமெரிக்காவில் கூலி அதிகம், வீட்டு வாசலில் இடமும் அதிகம். அதனால் அங்கே வார இறுதியில் வீட்டுக்காரரே காருக்கு அடியில் நுழைவது சாதாரணக் காட்சி. உதிரிபாகக் கடைகளே பழைய ஆயிலைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன.

பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்குபவருக்கு முதல் தடவை ஏமாற்றம்தான். ஸ்பேனர், ஜாக்கி ஸ்டாண்டு, ஆயில் பிடிக்கும் தட்டு, ஃபில்டர் கழற்றும் கருவி என்று வாங்கினால் பல வருடக் கூலி அதிலேயே போய்விடும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த ஆயில் ஊற்றப்பட்டது, ஃபில்டர் உண்மையிலேயே மாறியதா, பழைய வாஷரையே திரும்பப் போட்டார்களா என்ற சந்தேகங்கள் அத்தோடு தீர்ந்துவிடும். இன்னும் வாரண்டியில் இருக்கும் வண்டியை மட்டும் தொடாமல் இருப்பது நல்லது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும்.

வேலை கடினமானதல்ல. முதல் தடவை செய்பவர்கள் கெடுப்பதெல்லாம் பெரும்பாலும் அளவுக்கு மீறிச் செய்வதால்தான். அந்த மிகை ஆயில் கடையிலேயே ஆரம்பிக்கிறது.

“நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் சரி” என்று சொல்லாத கடை குறைவு. 5டபிள்யூ-30 என்று கேன் மேல் இருப்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் இருக்கும் எண் குறைந்தால், கடுங்குளிரிலும் ஆயில் எளிதாக ஓடும். பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான அளவு. சூடேறிய இன்ஜினில் ஆயில் ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான் இருக்கும், வண்டி ஓடுவது ஊட்டியிலானாலும் சரி, வேலூரிலானாலும் சரி. ஆகவே வெளியே அடிக்கும் வெயிலை வைத்து ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய அர்த்தமில்லை. இன்ஜினுக்குள் பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், ஆயில் பம்ப் எப்படிப்பட்டது என்பதுதான் கணக்கு. மாருதியின் சில புதிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு நிறுவனம் சொல்வது தண்ணீர் போல ஓடும் 0டபிள்யூ-16. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் இன்ஜின் உடனே நின்றுவிடாது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல்பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

கேனின் பின்பக்கத்தில் வட்ட முத்திரை ஒன்று இருக்கும். அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் தரும் தரக் குறியீடு அது. எஸ்.என். என்பது 2010இல் வந்தது, எஸ்.பி. 2020இல். சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் நேரங்கெட்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறையும், டைமிங் செயின் தேய்வதையும் மனதில் வைத்து எஸ்.பி. உருவானது. சில இன்ஜின்களுக்கு இதுவும் போதாது. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள் நனைந்தபடியே சுற்றும்படி அமைத்திருந்தார்கள். அதற்கென்று சொல்லப்பட்ட ஆயிலை விட்டு வேறு எதையாவது ஊற்றினால் பெல்ட் சிதைந்து, அதன் துகள்கள் ஆயில் பம்ப்பை அடைக்கும். விலை உயர்ந்த ஆயில் எல்லா இன்ஜினுக்கும் நல்ல ஆயில் ஆகிவிடாது. கையேட்டில் எழுதியிருப்பதே நல்ல ஆயில்.

சரி, காருக்கு அடியில் போகலாம்.

வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி, அடியில் தங்கிய அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும், வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கி. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக்கையோ செங்கல் அடுக்கையோ நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. பாரம் ஏறினால் அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லாதவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு ஷெட்டுக்குப் போகலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

அடியில் தெரியும் நட்டு எல்லாம் ஆயில் நட்டு அல்ல. அமெரிக்காவில் சுபாரு கார் வைத்திருப்பவர்களிடையே இது பிரசித்தமான கதை. முதல் தடவை ஆயில் மாற்றப் போனவர், இன்ஜின் ஆயிலை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிவிடுவார். பிறகு ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இன்ஜினில் இன்னும் 4 லிட்டருக்கு மேல் ஊற்றுவார். ஒரே மதியத்தில் இரண்டுக்கும் கேடு. நம்மூரில் ஓடும் சிறிய கார்களிலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒட்டியே இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனி நட்டு உண்டு. மெக்கானிக்குகள் சேம்பர் என்று சொல்லும் ஆயில் தொட்டியின் அடியில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வெளியே வருவது கறுப்பாகவோ பழுப்பாகவோ இல்லாமல் சிவப்பாக இருந்தால் உடனே நட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கரியையும் கசடையும் தன்னோடு எடுத்துக்கொள்வதற்கென்றே ஆயிலில் ரசாயனம் சேர்க்கிறார்கள். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சிறிது தூரம் ஓடியதுமே கறுத்துவிடும். நிறத்தை மட்டும் பார்த்து 3,000 கிலோமீட்டரில் மாற்றுபவர்கள் நல்ல ஆயிலைக் கொட்டுகிறார்கள். இன்று பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. புழுதிச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கும், இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவதோடு சரி என்று இருக்கும் வண்டிக்கும் கெடு இன்னும் குறையும். முழுச்சூடு ஏறாத இன்ஜினில் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன.

நட்டைத் திரும்பப் போடும் இடத்தில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் நீளமான ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்து இறுக்குவார்கள். நட்டு இரும்பு, பல கார்களில் சேம்பர் அலுமினியம். மரை அறுந்தால் சேம்பரையே மாற்ற வேண்டி வரலாம். ஆயில் கசியாமல் காப்பது இறுக்கம் மட்டும் அல்ல, நட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே நசுங்கி உட்காரும் வாஷரும்தான். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது என்பதால் ஒவ்வொரு தடவையும் புதிது போடச் சொல்கிறார்கள். முதலில் கையாலேயே சில சுற்று சுற்றி, மரை நேராகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனர். சுஸுகியின் சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்குச் சொல்லும் இறுக்கம் சுமார் 35 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் கைக்கு அடக்கமான ரிங் ஸ்பேனரால், உடல் பாரத்தைக் கொடுக்காமல் இறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவுக்கு வந்துவிடும்.

ஃபில்டருக்கு இன்னும் குறைவு. அதன் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, வளையம் இன்ஜினைத் தொடும்வரை கையால் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகு முக்கால் சுற்று. அவ்வளவுதான், கருவிக்கே வேலையில்லை. இதற்கு முன் பார்த்தே ஆக வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் அதன்மேல் புது ஃபில்டரை ஏற்றினால், ஸ்டார்ட் செய்ததும் அந்த இரட்டை வளையம் பிதுங்கி, ஊற்றிய ஆயில் எல்லாம் தரைக்கு வந்துவிடும். இந்த விபத்துக்கு அனுபவசாலிகளும் விதிவிலக்கல்ல.

ஊற்றும்போதும் முழு அளவையும் ஒரேயடியாகக் கவிழ்க்கக் கூடாது. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டருக்குள் அடங்கும். அரை லிட்டர் குறைவாக ஊற்றி நிறுத்திவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், காலி ஃபில்டருக்குள் ஆயில் நிரம்பும் அந்த ஓரிரு விநாடி, டேஷ்போர்டில் ஆயில் பிரஷரைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்து அணையும். அணையாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். அடியில் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்டாண்டை எடுத்து வண்டியை இறக்கி, சமதளத்தில் சில நிமிடம் விட்டு, பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கலாம். இரண்டு குறிகளுக்கு நடுவே மேல்பக்கமாக நின்றால் சரி. மேல்குறியை வெகுவாகத் தாண்டினால், சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் பாகங்களைப் பிரித்துவைக்காது. கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இங்கே செல்லாது.

இனி மிஞ்சியிருப்பது தட்டில் நிற்கும் பழைய ஆயில். நம்மூரில் இதற்கு வேண்டாத உபயோகம் எல்லாம் உண்டு. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பூசுவார்கள், கரையானுக்கு வேலிக் கம்பத்தில் அடிப்பார்கள், சொறி பிடித்த தெருநாய்மேல் ஊற்றுவது வரைக்கும் போவார்கள். அந்த நாய் தன்னை நக்கிக்கொள்ளும், விஷம் வயிற்றுக்குள் போகும். ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த மிச்சங்களும் கலந்திருக்கின்றன. ஒரு காரிலிருந்து ஒரு தடவை இறக்கிய ஆயில், 10 லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர். அதே ஆயிலைச் சுத்திகரித்தால் மறுபடியும் ஆயிலாகவே பயன்படும். இந்தியாவில் இது சட்டப்படி அபாயகரமான கழிவு. ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களும் இறக்குமதி செய்பவர்களும் பழையதை மறுசுழற்சி செய்யப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

வீட்டு வாசலுக்கு வந்து யாரும் வாங்கப் போவதில்லை என்பதால், புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, சர்வீஸ் சென்டரிலோ தெரிந்த ஷெட்டிலோ இருக்கும் பீப்பாயில் சேர்த்துவிடுவதே வழி. அங்கிருந்து அனுமதி பெற்ற சுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போகிறதா என்றும் கேட்டு வைக்கலாம். ஃபில்டரையும் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு அதோடு கொடுக்கலாம். காலியான கேனைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் கத்தியால் குறுக்கே கிழித்துவிடுவது நல்லது. லேபிளோடு முழுசாகப் போகும் கேன்களில் போலி ஆயிலை நிரப்பித் திரும்ப விற்பவர்கள் இருக்கிறார்கள்.